நீலப்புள்ளி

கரடிப்போக்குச் சந்தியில்
ஓட்டோவை ஓரங்கட்டி
விளக்கை அணைத்துவிட்டு
மான்செஸ்டருக்கு வழி சொல்கிறேன்.

"இடப்பக்கம் திரும்பு. மருந்துக்கடை தாண்டி ரெண்டாவது வெளிச்சம்."
"அண்ணா, மழை. ஒண்டும் தெரியேல்ல."
"எனக்குத் தெரியுது. நட."

கைப்பேசிக்குள் நீலப்புள்ளியாய்த் துளசிகா.
நின்று நின்று நகர்கிறாள்.
ஒருதடவை துள்ளி
வாய்க்காலுக்குள் விழுந்தாள்.
பதறிப்போனேன்.
தரையில்தான் நிற்கிறாளாம்,
சிக்னல்தான் நனைந்துவிட்டதாம்.
அவள் சிரிப்பு வந்துசேர
இரண்டு நொடி பிந்தியது.

அங்கேயும் வாகனங்கள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன,
அதனால் எனக்குச் சுலபம்.
எந்த பஸ் எந்த மரத்தடியில் நிற்கும்,
எந்தக் கடை ஒன்பதுக்குப் பிறகு
பாணை அரைவிலைக்குத் தரும்,
எல்லாம் பாடம்.
போன கிழமை இரவு றெயிலால் இறங்கிய ஒருவர்
பார்மசி எங்கே என்று கேட்க,
"நூலகம் தாண்டி வலப்பக்கம்" என்றேன்.
கிளிநொச்சியில் அப்படியொரு வலப்பக்கமே இல்லை.

படிப்புக்குப் புலமைப்பரிசில்.
சீவிக்கிற காசை மட்டும்
இருபத்தெட்டு நாள் வங்கியில் காட்டச் சொன்னார்கள்.
காசு ஓரிடத்தில் படுத்துக்கிடந்து
நாங்கள் கண்டதில்லை.
பதினொரு பேரிடம் வாங்கினோம்:
மீன்வாடி ஞானசீலன்,
கூட்டுறவுக்கடைப் புஷ்பமலர் அக்கா,
பெயர் சொல்லவேண்டாம் என்ற ஒருவர்.
ஓட்டோவின் புத்தகமும் ஈட்டுக்குப் போனது.
இருபத்தெட்டு நாளும் அம்மா
சினையாட்டைப் பார்ப்பதுபோல
வங்கிப் புத்தகத்தைப் பார்த்தா.
அது ஒன்றும் ஈனவில்லை.
வீசா வந்த கிழமை
பதினொரு பேருக்கும் எண்ணிக் கொடுத்தோம்,
தேத்தண்ணியோடு.

அறைக்கு முதலில் எதை வாங்க என்று கேட்டாள்.
அம்மா யோசிக்கவேயில்லை:
"வாளி. கயிறு. மூடியுள்ள பானை."
அவவுக்குத் தெரிந்த குடியேற்றம் அது.
எட்டு இடம், எட்டுக் கொட்டில்.
கடைசி இடத்தில் துளசிகாவுக்குப் பத்து வயது;
தண்ணி வரிசையில் வாளிமேல் குந்தியிருந்து
வாய்ப்பாடு சொன்னவள்.
"இங்க குழாய்த்தண்ணி அம்மா."
"எதுக்கும் ஒண்டு வாங்கு."
சிவப்பில் வாங்கினாள்.
மூன்றாம் கிழமை அந்த வீட்டுக் கூரை ஒழுகியபோது
ஏழு நாட்டு ஏழு பிள்ளைகளுக்கும்
அந்த ஒரு வாளிதானாம்.

இடம்பெயராமல் குடியேறியது
எங்கள் வீட்டில் அவள்தான் முதல்.
டிக்கெட் எடுத்து,
பெட்டியை நிறுத்து,
எடை கூடிய இரண்டு கிலோ மிளகாய்த்தூளை
கட்டுநாயக்காவில் என் கையில் தந்துவிட்டு
திரும்பிப் பார்த்து, கையசைத்து.
திரும்பிப் பார்க்க நேரமிருந்தது அவளுக்கு.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
அங்கே கடிகாரத்தை
ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்கள்.
அவளுடைய ஆறு மணி
என்னுடைய பத்தரையை விட்டு
பதினொன்றரைக்குப் போய்விட்டது.
இங்கேயும் மழை பிடித்தது.
வயல்காரர் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.
சந்தியில் நான் தனியே,
மூன்று வீத பற்றரியோடு.

வழி கேட்பது எப்போது நின்றதென்று
சரியாகத் தெரியவில்லை.
புள்ளி இப்போது நான் சொல்லாமலே திரும்புகிறது;
சில இடங்களில்
நான் சொல்லியிருக்கமாட்டாத பக்கம்.
பூங்காவுக்குள்ளால் ஒரு குறுக்குப்பாதை போகிறாள்,
வரைபடத்தில் அது இல்லை.
எங்கள் ஒழுங்கையும்தான் இல்லை.
மதகு வரைக்கும் கோடு,
பிறகு வெறும் சாம்பல்.

நேற்றுப் பிந்தித்தான் எடுத்தாள்.
முற்றத்தில் நான் டயரில் சேறு கழுவிக்கொண்டிருந்தேன்.
பின்னால் பல குரல்கள்.
யாரோ அவள் பெயரைப் பாதியாக்கிக் கூப்பிட,
"வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
பூட்டுக்குள் திறப்பு சுழல்கிற சத்தம்.
"அண்ணா, பிறகு கதைக்கிறன்.
வீட்ட வந்திட்டன்."

நான் படலையைப் பார்த்தேன்.
நாய் குரைக்கவில்லை.